ஸ்வெட்டருக்கு வந்த மவுசு

"ஐயா, அந்த ஸ்வெட்டரை எனக்குக் குடுத்துடுங்களேன்" என்றேன், அரங்கு வாசலில் டிக்கெட் கிழித்தபடி.

சால்ட்டா மலைப்பக்கத்திலிருந்து புவெனஸ் அயர்ஸ் பார்க்க வந்த பெரியவர், சட்டென்று பர்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"கொரியென்டெஸ் தெருவுல நாடகம் பார்க்கப் போனா உருவிடுவாங்கன்னு என் சம்சாரம் அப்பவே சொன்னா."

"சும்மா கேக்கல ஐயா. என் தோல் கோட்டை எடுத்துக்குங்க."

கோட்டு வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பெரியவர் அதைத் தடவிப் பார்த்தார்.

"இது அவ கையால பின்னினது தம்பி. அவ்வளவு பிடிச்சிருக்கா?"

"கண்ணை எடுக்க முடியல ஐயா."

அதில் பொய் இல்லை. கோட்டு கைமாறியதும், மானேஜரே வந்து அவரை முன்வரிசையில் உட்காரவைத்தார். திரை இடுக்கில் எட்டிப் பார்த்த கதாநாயகி ஒனெலியா, அவரைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தாள்.

"கொள்ளைக்காரத் தெருன்னாங்களே. எவ்வளவு தங்கமான மனுஷங்க" என்று பெரியவர் கண் கலங்கினார்.

ஸ்வெட்டர் பளீர் மஞ்சள். அரங்கில் மஞ்சள் தென்பட்டால் நாடகம் படுத்துவிடும் என்று எங்கள் தெருவே நடுங்கும். அன்று முதல் காட்சி வேறு; அந்த ஸ்வெட்டர் அரங்குக்குள் இருந்திருந்தால் ஒனெலியா மேடையேறியிருக்க மாட்டாள்.

நாடகம் அமோகமாக ஓடியது. மூன்றாம் மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது.

"தம்பி, உங்கள் தெருவில் ஸ்வெட்டருக்கு இருக்கும் மவுசை ஊரில் சொன்னேன். பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து, அதே நூலில் நாற்பது பின்னிவிட்டார்கள். சனிக்கிழமை போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறோம். கோட்டுகளை எடுத்து வைக்கவும்."