ரோமாபுரியில் ஒரு ஓசி வீடு

"சும்மா கிடைக்கிற வீட்டை வேண்டாம்ங்கிறாளே, இவள என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க சாமி!"

பங்குச் சாமியாரிடம் அல்போன்ஸ் போட்ட சத்தம் லம்பா லைன் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். படகு கட்டும் கான்ட்ராக்டர் அல்லவா? கடல் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிப்போன தொண்டை.

விஷயம் இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து, கத்தோலிக்கர்களுக்குப் புனித ஆண்டு. போர்ட் பிளேரிலிருந்து ரோமாபுரிக்குத் திருயாத்திரை போக அல்போன்ஸுக்கும் அவர் மனைவி சூசைமேரிக்கும் இடம் கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட் வந்தாச்சு. ஸ்வெட்டரும் வந்தாச்சு. அதை ஒரு தடவை போட்டுப் பார்த்த அல்போன்ஸ், இந்தப் புழுக்கத்தில் அவிந்தே போய்விட்டார்.

போய் எங்கே தங்குவது? அதில்தான் வந்தது வினை.

பங்குச் சாமியார் ரோமில் படித்தவர். அங்கே அவருடைய பழைய சிநேகிதர் ஒருவருக்குப் பெரிய கோயில் பக்கத்திலேயே வீடு. "உங்க ஆட்கள் பத்து நாளும் எங்க வீட்டிலேயே தங்கட்டும், சாப்பாடும் இங்கேயே" என்று அந்த மனுஷன் சொல்லியனுப்பியிருந்தார்.

சூசைமேரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "வீடு வேண்டாம். ஓட்டல்ல தங்குவோம்."

"ஓட்டல்! கேட்டீங்களா சாமி? மெட்ராஸ்லேருந்து கப்பல் அடித்தட்டுல, பங்க் கிளாஸ்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்தவ இவ. இன்னைக்கு மகாராணிக்கு ஓட்டல் கேக்குது!"

கூடத்தில் மூன்று கூட்டாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தார். கட்சால் தீவு ரப்பர் தோட்டத்து ஆள். ஆஸ்பத்திரி வேலையாகப் போர்ட் பிளேர் வந்தவர். கடல் மோசம் என்று திரும்பிப் போகிற கப்பலை நிறுத்திவிட்டார்கள். கப்பல் நின்றால் அல்போன்ஸுக்குக் கொண்டாட்டம். நேரே கப்பல் ஜெட்டிக்குப் போய், "லாட்ஜுக்கா போறீங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார். சொந்தம், பந்தம், மதம், மொழி எதுவும் பார்ப்பதில்லை.

"அண்ணன் மனசு யாருக்குங்க வரும்? ரெண்டு வாரமா எங்களுக்கு வேளாவேளைக்குச் சுடுசோறு" என்றார் ராஜமாணிக்கம்.

"அட, இதெல்லாம் குச் நஹி, ஒண்ணுமே இல்ல! மேரி, இவருக்கு இன்னும் ரெண்டு துண்டு சூரை கொண்டா."

சூசைமேரி மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

சாமியார் அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்காதுன்னு பயமா?"

"அதெல்லாம் இல்ல சாமி."

"பாஷை தெரியாதேன்னா?"

"பாஷை கிடக்கட்டும் சாமி. இந்தி ஒரு எழுத்து தெரியாமத்தான் இந்தத் தீவுல வந்து இறங்கினேன். இப்ப வங்காளிகிட்ட பேரம் பேசலியா?"

"பின்னே என்னதான்?"

"ஓட்டல்னா வாறேன். வீடுன்னா நான் வரல. இவர மட்டும் கூட்டிட்டுப் போங்க."

அல்போன்ஸுக்குப் பகீரென்றது. சின்ன வயசில் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து சூசைமேரிக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். சாகிறதுக்குள்ள ரோமாபுரி போய் அப்போஸ்தலர் ராயப்பர் கல்லறையில முழங்கால் போடணும் என்று வேண்டாத நாள் கிடையாது. அதையே வேண்டாம் என்கிறாளே! அவளை விட்டுவிட்டுப் போனால் அவருக்கு அங்கே ஜெபம் வருமா?

மனசு இளகியது. ஆனால் வாய் இளகவில்லை.

"திமிரு சாமி, வேற ஒண்ணும் இல்ல! ஊர்ல என்ன பேசுவான்? ஊருக்கே சோறு போடுற அல்போன்ஸுக்கு இன்னொருத்தன் வீட்ல உக்காந்து சாப்பிடக் கௌரவம் இடம் குடுக்கலியாம்னு பேசமாட்டான்? ஏட்டி, விருந்தாளி வந்தா வீட்டுக்காரங்களுக்கு எம்புட்டு சந்தோஷம்னு நமக்குத் தெரியாதா? பாவம், அந்த மனுஷன் அங்க ஆசையாக் காத்துக்கிட்டு இருப்பாரு. சரி சரி, சாமிக்கு ஒரு காப்பி போடு. இவங்களுக்கும் சேத்துப் போடு."

காப்பி வந்தது. கொடுத்தவளின் கண் சிவந்திருந்ததைப் பார்த்துச் சாமியாருக்குச் சங்கடமாகிவிட்டது.

"அழறியாம்மா?"

"ஈர விறகு சாமி. மழை ஆரம்பிச்ச நாளா இதே அழுகைதான்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சாமி, ஒண்ணு கேக்கட்டா? எங்கள வரச் சொன்னது அந்த வீட்டு ஐயாதானே?"

"ஆமாம்மா. தங்கமான மனுஷன். எந்நேரமும் வீடு நிறைய ஆள் இருக்கும். நாங்க படிக்கிற காலத்துல ஞாயிற்றுக்கிழமை ஆனா அங்கதான் கிடப்போம்."

"அவருக்குப் பொஞ்சாதி இருக்காங்களா?"

"இருக்காங்களே! பேரு..." சாமியார் நெற்றியைத் தடவினார். "பேரு சட்டுனு வரல. முகம்கூடச் சரியா ஞாபகம் இல்லம்மா. அது எந்நேரமும் அடுப்படியிலயே இருக்கும்."

ராஜமாணிக்கம் தட்டிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தார்.

"நீங்க சாப்பிடுங்கண்ணே, உங்கள ஒண்ணும் சொல்லல" என்றாள் சூசைமேரி. பிறகு புருஷன் பக்கம் திரும்பாமல் சாமியாரையே பார்த்துக் கேட்டாள்:

"ஓட்டல்ல ஆக்கிப் போடுறவனுக்குச் சம்பளம் உண்டு சாமி. இந்த ரெண்டு பேருக்கும் பத்து நாள் ஆக்கிப் போட உன் உடம்பு தாங்குமான்னு அந்த அம்மாகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"