காதுக்குள் ஒரு கல்

விண்வெளிக்கு ஏறும் வானேணியின் வாசற்கதவு, தலையைச் சாய்க்கச் சொல்லி, தலைச்சுற்றல் உண்டா என்று கண்ணைப் பார்த்த பிறகே வழிவிடும். வெல்டர் லூர்துவின் கண்கள் ஆடின. கதவு திறக்கவில்லை. இன்று ஏறாவிட்டால் அவள் இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

“காதுக்குள்ள அந்தப் பொடிக்கல்லு மறுபடி இடம் மாறிருச்சுங்க, அதான் தலை சுத்துது,” என்றாள், வழியனுப்ப வந்த கணவனிடம்.

ராயப்பன் அவளைப் பெஞ்சில் கிடத்தி, டாக்டர் காட்டிக்கொடுத்தபடி தலையை மெல்லத் திருப்பினான்.

“ஐயோ, வானமே சுத்துது! விட்டிராதீங்க!”

“சுத்தட்டும்ளா. கல்லு அதோட இடத்துக்குப் போகுது. வானத்துக்கே ஏறுறவளுக்குப் பெஞ்சுல என்ன பயம்?”

சுழற்சி அடங்கியது. எழுந்துபோய் மறுபடி தலையைச் சாய்த்தாள். கதவு திறந்து, “சரிசெய்தது யார்?” என்று கேட்டது.

“எங்க வீட்டுக்காரரு. கடல்ல சுக்கான் பிடிக்கிற கை. எழுதிக்க,” என்றாள் லூர்து, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி.