மணமில்லாத உடுப்பு

சாம்பிராணித் தட்டோடு தர்மினி பல்கனிக் கதவடியில் நின்றாள். புகையோடு அதற்கு அப்பால் போகக் கூடாது என்பது கணவன் கிருபனின் கட்டளை.

பல்கனிக் கொடியில் அவனது வேட்டை உடுப்புகள் தொங்கின. கம்பளிச் சட்டை, காற்சட்டை, காலுறை, தொப்பி. மணமில்லாத சவர்க்காரம் தேடி வாங்கி அவளே கையால் அலசியவை. ஒரு கிழமையாக எல்லிங்ஸ்ருட் என்ற இந்தக் காட்டோர ஊரின் காற்றில் ஆடுகின்றன. காட்டு மணம் பிடிக்க ஊசியிலைக் கொப்புகள் பரப்பிய பெட்டியொன்று அவற்றுக்காகத் திறந்து கிடந்தது.

ஒரு கிழமையாகக் குசினியில் தாளிப்பும் இல்லை.

"உம்மட குழம்பு மணத்துக்கு எல்க் மான் சுவீடன் வரைக்கும் ஓடும்" என்று கிருபன் பகிடி விட்டிருந்தான்.

பகிடிக்குள் இருந்த நோவு அவளுக்குத் தெரியும்.

போன வருடம் அவனோடு வேலை செய்யும் மின்சாரக்காரர்கள் முதன்முதலாக அவனை வேட்டைக்குக் கூட்டிப்போனார்கள். அவன் நின்ற பக்கம் வந்த மான் தூரத்திலேயே மூக்கை உயர்த்தியது, திரும்பி ஓடிவிட்டது. குழுத் தலைவர் ஸ்டெய்னார் ஏசவில்லை. அவனுடைய சட்டையை மணந்து பார்த்துச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை அவன் இன்னும் இறக்கி வைக்கவில்லை. இம்முறையும் மான் ஓடினால், அடுத்த வருடம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கீழே கிருபன் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை. சாமியறை தொடங்கி எல்லா அறைகளுக்கும் புகை காட்டியாயிற்று. தட்டில் தணல் இன்னும் அடங்கவில்லை.

அவன் சுடப் போவதை அவள் எப்படியோ மனதுக்குள் ஆற்றிக்கொண்டாள். மணமே இல்லாமல் ஓர் ஆள் மரத்தோடு மரமாய் வந்து நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"முருகா, அந்த மானுக்கும் ஒரு வழி வேணும், அவரும் தலைகுனியக் கூடாது."

சொல்லிக்கொண்டே கதவைத் தாண்டினாள். தொப்பியை மட்டும் எடுத்தாள். புகையில் ஒரு தரம் காட்டிவிட்டுத் திரும்பக் கொழுவினாள்.

கிருபன் மேலே வந்தான். உடுப்புகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினான். தொப்பியில் கை பட்டதும் நின்றான். மூக்கருகே கொண்டுபோனான்.

"என்னப்பா செய்தனீர்?"

பொய் வாய்வரை வந்தது. அவளால் சொல்ல முடியவில்லை.

"அண்டைக்கு அந்தச் சிகரெட் மணம் வராட்டி, நாங்கள் மூண்டு பேரும் இண்டைக்கு இல்லையப்பா."

வன்னிக் காட்டில் அவளும் அம்மாவும் தம்பியும் பற்றைக்குள் பதுங்கிக் கிடந்த நாள் அது. ஆமிக்காரரின் சப்பாத்துச் சத்தம் பிறகுதான் கேட்டது. அதற்கு முன்னரே காற்று ஒரு சிகரெட் மணத்தைக் கொண்டுவந்து தந்தது. யாரோ பற்றவைத்திருந்தான். அந்த இடைவெளியில் அவர்கள் ஓடினார்கள்.

கலியாணமான புதிதில் ஒருமுறை சொன்னது. அதன் பிறகு அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கிருபன் பல்கனிக்கு வெளியே, காட்டின் பக்கம் பார்த்தான். பெட்டியை மூடினான். தொப்பியை அதற்குள் வைக்கவில்லை. தலையில் போட்டு, காதுவரை இழுத்துவிட்டான்.

"இவ்வளவு மணம் காணுமே, மான் ஓடித் தப்ப?" என்று கேட்டான்.