மீன் சந்தை, பின்பக்கம்

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். கையுறை, கயிறு, புனல், பேனா.

பால்காரர் வீடு வீடாக ஊற்றிவிட்டு வருவார். நான் சாக்கடை சாக்கடையாக நிரப்பிக்கொண்டு வருவேன். தெருமுனையில் தலையசைத்துக்கொள்வோம். தொழில் மரியாதை.

சாக்கடைத் தண்ணீரில் கிருமிகளைத் தின்னும் வைரஸ்கள் இருக்கின்றன. எந்த மருந்துக்கும் மசியாத கிருமிக்கு, அதை மட்டும் தின்னும் வைரஸைத் தேடிப் பிடித்துவிட்டால் ஆள் பிழைக்கலாம். ஆய்வகத்தில் தேடுகிறார்கள். கல்யாணத் தரகர் வேலை மாதிரிதான். பெரும்பாலும் தட்டிப்போகும்.

என் மனைவிக்காக ஆரம்பித்தேன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். தொடையில் கம்பி வைத்தார்கள். கம்பியோடு கிருமியும் குடியேறியது. மூன்று மாதம் வீட்டில் புண் கழுவினோம். பிறகு மருத்துவமனை.

நான் பாட்டிலும் கையுமாக அலைவதைப் பார்த்து எனக்கு 'மகாராஜா' என்று பட்டம் கொடுத்தாள். ஊர்ச் சாக்கடைகளின் மகாராஜா.

நாற்பத்தொரு பாட்டில். ஒன்றும் பொருந்தவில்லை.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது.

அவளுடைய கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆய்வகத்தில், மைனஸ் எண்பது டிகிரியில், அவள் படுக்கை எண்ணோடு.

நான் பாட்டில் கொண்டுபோவதை நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

இப்போது அதே கிருமி ஒரு பள்ளி வேன் டிரைவரின் முழங்காலில். வெள்ளிக்கிழமை இடது காலை எடுத்துவிடுவதாக இருக்கிறார்கள். அப்புறம் கிளட்ச்சை யார் மிதிப்பது என்று வருகிற டாக்டரிடமெல்லாம் கேட்கிறாராம்.

போன செவ்வாய் அசந்து தூங்கிவிட்டேன். மீன் சந்தை வரை போக நேரமில்லை. வீட்டுப் பின்புறம், குளியலறைத் தண்ணீர் போய் விழும் குழியில் ஒரு பாட்டில் மொண்டேன். சீட்டில் 'மீன் சந்தை, பின்பக்கம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்லூரியில் ரெக்கார்டு நோட்டும் இப்படித்தான் எழுதினேன்.

இன்று எட்டு மணிக்கு ஆய்வக அக்கா போன் செய்தார். தட்டில் ஏடு மாதிரி படர்ந்திருந்த கிருமியின் நடுவே, கண்ணாடி போல் ஒரு வட்டம் விழுந்திருக்கிறதாம், வைரஸ் தின்று தீர்த்த இடம். டிரைவருடைய தட்டில். என் மனைவியுடையதிலும்.

"தம்பி, பின்னிட்டீங்க! ஆனா ஒண்ணு பத்தாது, கிருமி உஷாராயிடும். அதே எடத்துல இதோட அண்ணன் தம்பியும் இருக்கும். கரெக்டா எங்க மொண்டீங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். சீட்டு பொய் என்றும் சொன்னேன்.

அக்கா திட்டினார். பாதியில் நிறுத்திவிட்டார். கிருமி இருந்த இடத்தில்தான் அதைத் தின்பதும் இருக்கும் என்று முதல் நாளே எனக்குச் சொன்னவர் அவர்தான்.

மூன்று மாதம் புண் கழுவிய தண்ணீர் அந்தக் குழிக்குத்தான் போனது.

இப்போது குழி ஓரம் குந்தியிருக்கிறேன். ஆறு பாட்டில். சீட்டில் 'வீடு' என்று எழுதியாயிற்று. ஒன்பதரைக்குள் கொடுத்துவிட்டால் டிரைவருக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

மாமியார் பார்க்கும்போதெல்லாம் கேட்பார், கடைசியாக என்ன சொன்னாள் என்று. உங்களை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்பேன். அழுவார். கொஞ்சம் தெளிவார்.

அதுவும் பொய்ச் சீட்டுதான்.

ஆக்சிஜன் முகமூடியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கேலி என்று நினைத்து நானும் சிரித்தேன்.

"ஊர்ச் சாக்கடையெல்லாம் ஆண்டாச்சு. நம்ம வீட்டுக் குழியில ஒரு பாட்டில் மொண்டா கொறஞ்சா போயிடுவ, மகாராஜா?"