இன்றைய செங்கல் இன்றைக்கே

"இன்னா சார் இது? பதினாலு கொத்தனாருங்க கரண்டியக் கையில வச்சிக்கினு காத்தைப் பூசிக்கினு கீறாங்கோ. கல்லு எங்க சார்?"

மேஸ்திரி அப்பாவுவின் குரல் ஒரகடம் மெயின் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

என்ஜினீயர் விஜயராகவன் மணி பார்த்தான். பத்து ஐம்பது. பதினோரு மணிக்குத் தேவநாதன் வருகிறார். கார்களுக்கு நட்டு, போல்ட் செய்து கொடுக்கிற கம்பெனிக்காரர். பாதி எழும்பி நிற்கும் இந்த ஷெட் அவருடையதுதான். பக்கத்து மனையில் சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கும் இரண்டாவது ஷெட்டும் அவருக்குத்தான். அதற்கான ஒப்பந்தத்தில் இன்றைக்கு அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று விஜயராகவனின் முதலாளி நேற்றே செல்போனில் அன்பாகச் சொல்லிவிட்டார்.

"வந்துடும் மேஸ்திரி. லாரி மண்ணூரைத் தாண்டிடுச்சாம்."

"அத்தையேதான் ஒம்போது மணிக்கும் சொன்னீங்க. மண்ணூரு இன்னா மெட்ராஸ் கணக்கா நீண்டுக்கினே பூடுச்சா?"

விஜயராகவன் பல்லைக் கடித்தான்.

அப்பாவு விடுவதாக இல்லை. "முன்னெல்லாம் மூணு மாசத்துக் கல்லு மலையாட்டம் கெடக்கும். கைய நீட்டினா கல்லு. நீங்க புனாவுக்குப் போயி இன்னாத்தையோ படிச்சிக்கினு வந்தீங்க, இப்ப ரோட்டைப் பாத்துக்கினு நிக்கறதே ஒரு வேலையாப் பூடுச்சு."

"அந்த மலையில கால்வாசி உடைஞ்சே போச்சு. போன மழையில சிமென்ட் மூட்டையெல்லாம் பாறையாச்சு. மறந்துட்டீங்களா? இதுக்குப் பேரு லீன், மேஸ்திரி. இன்னிக்கு வேண்டிய கல் இன்னிக்குக் காலையில வரணும். சாயங்காலத்துக்குள்ள சுவத்துல ஏறிடணும். நடுவுல தரையில சும்மா கெடந்தா அது வீண்."

"செரி சார். இப்ப நாங்க சும்மா கெடக்கறோமே, அது இன்னா கணக்கு?"

புனாவில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

நல்லவேளையாக கேட்டில் ஒரு வெள்ளைக் கார் நுழைந்தது. அதன் வாலைப் பிடித்தபடி, ஹாரன் அலற, செங்கல் லாரி!

விஜயராகவனுக்குப் போன உயிர் திரும்பியது. ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தான்.

"பாத்தீங்களா சார்? பதினொண்ணுன்னா டாண்ணு பதினொண்ணு! நம்ம சைட்டுல கல் நிமிஷம் தவறாது."

அப்பாவுவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

காலையிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கொத்தனார்கள் கல்லைப் பார்த்ததும் பாய்ந்தார்கள். லாரியிலிருந்து கைக்கு, கையிலிருந்து சுவருக்கு. தரையில் ஒரு கல் உட்காரவில்லை. தேவநாதன் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"பிரமாதம் தம்பி! இங்க ஒரு ஸ்டோர் ரூம் இருந்துதே, எங்க?"

"இடிச்சிட்டோம் சார்."

"இடிச்சிட்டீங்களா?"

"பின்னே? தேவையில்லாத பொருளுக்கு ஒரு ரூம். ரூமுக்கு ஒரு பூட்டு. பூட்டைப் பாத்துக்க ஒரு வாட்ச்மேன். அவன் தூங்கறானான்னு பாக்க ஒரு சூப்பர்வைசர். எதுக்கு சார்?"

தேவநாதன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு யோசனையாகத் தாடையைத் தடவினார். "இது கட்டட வேலைக்கு மட்டும்தானா, இல்லே எங்களை மாதிரி நட்டு, போல்ட் போடறவங்களுக்கும் ஒத்து வருமா?"

கையெழுத்து கண்ணுக்கெதிரே தெரிந்தது விஜயராகவனுக்கு. இந்த நேரத்தில் விட்டுவிடக் கூடாது.

"உங்களுக்குத்தான் சார் முதல்ல ஒத்து வரும்! கார்க் கம்பெனி இன்னிக்குக் கேக்கறதை இன்னிக்குப் பண்ணுங்க, இன்னிக்கே லாரியில ஏத்துங்க. முன்கூட்டியே பண்ணிக் குவிச்சீங்கன்னா துருதான் மிஞ்சும்."

அப்பாவு பின்னாலிருந்து அவன் சட்டையை இழுத்தார். "சார்... போதும் சார்."

"நீங்க போய் வேலையைப் பாருங்க மேஸ்திரி!"

அப்பாவு தலையில் அடித்துக்கொண்டு போனார்.

தகரக் கொட்டகை ஆபீஸில் ஒப்பந்தத்தை எடுத்து வைத்தான் விஜயராகவன். தேவநாதன் பேனா மூடியைத் திறந்தார். முதல் பக்கத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

பேனாவை மூடிப் பையில் செருகிவிட்டு எழுந்து வந்து, விஜயராகவனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என் கண்ணைத் திறந்துட்டீங்க தம்பி. செஞ்ச சரக்கை மூணு மாசத்துக்குக் குவிச்சு வைக்க ஒரு கோடவுன் வேணும்னுதானே இந்த ரெண்டாவது ஷெட்டையே கட்டச் சொன்னேன்? இனிமே அது எதுக்கு?"