பல்லவ ராஜாவின் கிரீடம்

“பல்லவ ராஜா தலையில இருந்தது சார்!” என்று கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னிய கிரீடத்தைக் காட்டினார், காஞ்சிபுரம் பட்டுக்கடை முதலாளி ஏகாம்பரம்.

பேண்ட், சட்டை, கையில் ஃபைல் சகிதம் வந்தவர் குனிந்து பார்த்தார். “அப்போ கவர்மெண்ட்ல பதிவு பண்ணியிருக்கீங்களா? இவ்ளோ பழைய பொருளைப் பதிவு பண்ணாம வெச்சிருந்தா ஜெயிலாச்சே!”

ஏகாம்பரத்துக்கு வியர்த்துவிட்டது.

“ஐயோ சார், இது டூப்பு! வெறும் கட்டை, மேல கண்ணாடி ஒட்டியிருக்குது. போன மாசம் எவனோ கொண்டாந்து வித்தான். நாலு கஸ்டமர் வரட்டுமேன்னு சும்மா அளந்துக்கினு இருந்தேன்.”

“அதை எழுதிக் குடுங்க.”

மளமளவென்று எழுதிக் கொடுத்தார். “கிரீடத்தையும் நீங்களே எடுத்துக்கினு போயிடுங்க சார், புண்ணியமா போவும்!”

ஐயம்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியவரைக் கூத்துக் குழுவினர் சூழ்ந்துகொண்டனர்.

“வேலாயுதண்ணே! திருடு போன நம்ம துரியோதனன் கிரீடம்! எப்டிண்ணே குடுத்தான்?”

“என்னை ஆபீசர்னு நெனச்சுட்டான்பா.” வேலாயுதம் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டார். “இருபது வருஷமா ராஜா வேஷம் கட்றேன், ஒருத்தனும் பயந்ததில்ல. இன்னிக்கு வெறும் பேண்ட் சட்டைக்கே நடுங்கிட்டான்!”