சுவரில் கை ஓங்கியவன்

"யாரைக் கேட்டு இதை வரைஞ்சே? இப்பவே அழி."

சந்திரமௌலி போட்ட சத்தத்தில் செம்பூரின் அந்தக் கட்டடமே கீழே இறங்கி வந்துவிட்டது. அவர் அந்தக் குடியிருப்பின் சொசைட்டி செக்ரட்டரி. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷர் என்று பெயர். தண்ணீர் வராவிட்டால் டேங்கருக்கு அலைவது அவர்தான். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் வந்து நிற்பதும் அவர்தான். அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை.

காம்பவுண்டு சுவரில் வர்லி என்னும் பழங்குடி ஓவியம் வேண்டும் என்று கேட்டதே சொசைட்டிதான். இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் ஷாலினி லீவு நாட்களில் வரைந்துகொண்டிருந்தாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். காவிச் சுவரில் வெள்ளைக் கோடுகள். உடம்புக்கு முக்கோணம், தலைக்கு வட்டம். கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது.

சந்திரமௌலி காட்டிய இடத்தில் ஒருவன் தடியை ஓங்கி நின்றான். எதிரே ஒரு பெண் குனிந்திருந்தாள்.

"குழந்தைங்க விளையாடற இடத்துல இதுவாம்மா வரையறது? நல்லா இல்ல, அச்சா நஹி லக்தா," என்றார் முதல் மாடி கேஷவ். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அங்கிள், அது இன்னும் முடியல..."

"முடிஞ்ச வரைக்கும் போதும். அழி."

"முகமே போடலையே அங்கிள். யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"நீதானே மீட்டிங்ல சொன்னே? வர்லியில முகம் கிடையாது, என்ன செய்யறான்னு பார்த்துத்தான் ஆளைப் புரிஞ்சுக்கணும்னு. அடுத்த மாசம் உன் வாடகை அக்ரிமென்டுக்கு சொசைட்டி சம்மதம்னு என்ஓசி வேணுமா, வேண்டாமா?"

இந்த வாடகைக்குச் செம்பூரில் இன்னொரு வீடு எங்கே தேடுவது? ஷாலினி துணியை நனைத்துக்கொண்டு சுவரருகே போனாள்.

சந்திரமௌலி அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்காத்துல நடக்கறதை உன்கிட்ட யார் சொன்னா? பாகீரதியா?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. பாகீரதி அவர் மனைவி.

ஷாலினியின் கையிலிருந்து துணி நழுவியது.

"யாரும் ஒண்ணும் சொல்லல அங்கிள். இவன் நெல்லு அடிக்கான். அவ கதிர அள்ளுதா. முதல்ல ஆளுங்களத்தான் போடுவோம். கதிர்க்கட்டு நாளைக்குத்தான் வரையணும்."

கேஷவ் சந்திரமௌலியை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். இத்தனை வருஷம் இவரோடு ஒரே கட்டடத்தில் இருந்திருக்கிறோமே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த பாகீரதி மாமி எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். சுவரைப் பார்த்தாள். புருஷனைப் பார்க்கவில்லை.

"கதிர் போடாதேம்மா," என்றாள். "இப்படியே இருக்கட்டும்."